சாமி நின்று போகும் வீடு

புதுக் கக்கூஸிலிருந்து சந்தன வாசனை வந்தது.

நீலாம்பாள் கையில் சொம்போடு கொல்லையில் அப்படியே நின்றாள். பினாயில் வாசனை வரலாம். மழை பெய்த மறுநாள் வேறு வாசனையும் வரலாம். இது அதில்லை. அபிஷேகம் முடிந்து திரையை விலக்கும்போது முகத்தில் வந்து குப்பென்று மோதுமே, ஈரக் கல்லும் எண்ணெயும் நசுங்கிய அரளிப்பூவும் அரைத்த சந்தனமும் கலந்த ஒன்று, அது. கதவிடுக்கு வழியாக வருகிறது என்று முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. கீழே இருந்து வந்தது. கக்கூஸ் வாசலில் போட்டிருந்த படிக்கல்லின் ஓரங்களிலிருந்து.

"உள்ள போறியா இல்லியாம்மா? எனக்கு அவசரம்."

மகள் தமயந்தி அவளை ஒதுக்கிக்கொண்டு வந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாம்மா இது, கக்கூஸ்ல ஊதுபத்தி ஏத்தி வெச்சிருக்கே? சம்பந்தம் பேச வாலாஜாபாத்காரங்க வர்றதுக்கு இன்னும் நாளிருக்குது. இப்பவே இன்னா ஆர்ப்பாட்டம்?"

சிரித்தபடியே படிக்கல்லைத் திம்மென்று மிதித்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

நீலாம்பாள் கல்லைப் பார்த்தாள். சுற்றிலும் புதுச் சிமிட்டி. நடுவில் கறுத்த பழங்கல், முதுகு காட்டிக் குப்புறக் கிடந்தது. அதன்மேல் தமயந்தியின் ஈரப்பாதம் பதிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் உலர்ந்தது. வெயிலில் உலர்வதுபோல் மெல்ல அல்ல. யாரோ உள்ளுக்குள் உறிஞ்சிக்கொண்டதுபோல.

அவள் திரும்பிப் பக்கத்து வீட்டு ஜெயம்மாளிடம் போனாள். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் போனாள்.

"இன்னா நீலா, காட்சிக்கா கட்னீங்க உங்க கக்கூஸ? தெருவே மூக்குல வெரல வெச்சுது. நீ எங்க ஓட்டைக்கு வந்து குந்திக்கினு கெடக்கறே?"

"அவரு உள்ள போனா வெளிய வர்றதில்லக்கா."

"பேப்பர் படிக்கிறாரா?"

"ஆமா."

ஜெயம்மாள் சிரித்தாள். நீலாம்பாளும் சிரித்தாள்.

அது அறுபத்தேழாம் வருஷம். தேர்தல் முடிந்தும் சுவரெழுத்து அழியாத பங்குனி மாதம். பஞ்சாட்சரம் முதலியார் வீட்டுக் கூடத்தில் மூன்று தறிகள் ஓடின. தெருவில் பத்துத் தறி வைத்திருந்தவர்களும் உண்டு, மாடி கட்டியவர்களும் உண்டு. ஆனால் யாரிடம் கேட்டாலும் இந்த வீட்டைத்தான் காட்டுவார்கள். "சாமி நின்னு போற வீடா? அதோ." பங்குனி உற்சவத்தில் ஒரு நாள் மாலை அம்மன் பல்லக்கு இந்தத் தெருவுக்கு வரும். மற்ற வீடுகளில் கற்பூரம் காட்டியதும் நகர்ந்துவிடும். இங்கே மட்டும் பல்லக்கைத் திருப்பி வீட்டைப் பார்க்க நிறுத்துவார்கள். மேளம் ஓயும். நாயனம் ஓயும். கொஞ்ச நேரம் ஊரே மூச்சை அடக்கினாற்போல் இருக்கும். பிறகு குருக்கள் அம்மன் கழுத்து மாலையை எடுத்துப் பஞ்சாட்சரத்தின் கழுத்தில் போட்டு, தலையில் பட்டுத்துணி கட்டுவார். வீட்டுத் தறியில் நெய்த சேலை ஒன்றை நீலாம்பாள் தட்டில் வைத்து அம்மனுக்குக் கொடுப்பாள்.

"எங்க பாட்டனாருக்கு ராஜா குடுத்த மரியாதை" என்பார் பஞ்சாட்சரம். எந்த ராஜா என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும்.

இந்த மரியாதையை நம்பித்தான் வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்த கங்கையம்மாள் தன் மகனுக்குத் தமயந்தியைக் கேட்டு வந்தாள். கார்த்திகையில் முதல் முறை வந்தபோது கூட வந்த மூத்த மகள் கொல்லைப் பக்கம் போய்விட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள். அப்போது அங்கே இருந்தது பழைய எடுப்புக் கக்கூஸ். பின்சுவரில் ஒரு மரக்கதவு, அதற்கு அப்பால் முனிசிபாலிடி ஆள் வந்து அள்ளிப்போகும் சந்து.

"சாமி வந்து வாசல்ல நிக்குது, சரி. நாம எங்க போயி நிக்கிறது?" என்று அவள் கேட்டாள். கூடமே சிரித்தது. தமயந்தி காபித் தம்ளரோடு தலை குனிந்து நின்றாள். அவள் காது மடல் சிவந்ததை நீலாம்பாள் பார்த்தாள்.

தை பிறந்ததும் கொத்தனார் சிட்டிபாபு வந்து புதுக் கக்கூஸ் தொட்டிக்குப் பள்ளம் தோண்டினான். அங்கேதான் அந்தக் கல் வந்தது.

"அம்மா, இத வந்து பாருங்களேன்."

ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் வீசினான். சேறு வழிந்து இறங்க இறங்க ஒரு நெற்றி, புருவம், கூர்மையான மூக்கு, மூடிய இமைகள், எதையோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் சேர்ந்திருந்த உதடுகள். ஆள் முகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

"அம்மன்மா. ஐயாவக் கூப்டுங்க."

"ஐயா ஊர்ல இல்லப்பா."

கூடத்தில் பஞ்சாட்சரத்தின் தறி டக் டக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேர் காதிலும் விழுந்தது. சிட்டிபாபு கூடத்துப் பக்கம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

வெளியில் தெரிந்தால் தெருவே திரளும். தேங்காய் உடைப்பார்கள். தாலுக்கா ஆபீஸிலிருந்து ஆள் வரும். கொல்லை போய்விடும், கக்கூஸ் நின்றுவிடும், மறுபடி அந்தப் பெண் வந்து கூடத்தில் சிரிப்பாள். இதெல்லாம் ஒரு நொடியில் நீலாம்பாள் மனசில் ஓடியது.

"கவுத்துப் போட்டுடு. முதுகு மட்டமாத்தானே இருக்குது? வாசப்படியா வெச்சிடு."

"போடறேம்மா. ஆனா நான் சொல்லல. நீங்க சொன்னீங்க."

அவ்வளவுதான் நடந்தது. அவளுக்கும் அவனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லாரும் காலையும் மாலையும் அதை மிதித்தார்கள்.

வாசனை வந்த சில நாளில், நடுப்பகலில், குடையும் அளக்கிற நாடாவுமாக ஒருவர் வாசலில் நின்றார். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், காலேஜில் சரித்திர வாத்தியார், பெயர் முரளீதரன் என்றார்.

"ஒரு கோயிலைத் தேடிண்டு வந்தேம்மா."

"இந்தத் தெருவுல கோயில் இல்லீங்களே."

"இல்லாத கோயிலைத்தாம்மா தேடறேன்." தானே சொல்லித் தானே சிரித்தார். "பெரிய கோயிலெல்லாம் தப்பிச்சுடுத்து. தெருவுக்கு ஒண்ணு ரெண்டுன்னு சின்னச் சின்னதா இருந்ததெல்லாம் போயிடுத்து. யாரும் இடிக்கலை. கவனிக்காம விட்டா, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுச் சுவர் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து வந்து முழுங்கிடும். உங்க தெருக்கோடி நெல் மண்டி இருக்கே, அது ஒரு கோயில் மேலதான் நிக்கறது. சோடாக் கடைக்குப் பின்னால ஒண்ணு. அதோட அபிஷேகத் தொட்டியில இப்ப மாடு தண்ணி குடிக்கறது."

"எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?"

"பல்லக்குக்குப் பின்னாலயே நடக்கறேன். கோயில் போனாலும் வழக்கம் போகாது. காரணமே தெரியாம எங்கெல்லாம் நிக்கறதோ அங்கெல்லாம் ஏதோ இருந்திருக்கு. நெல் மண்டி முன்னால ஒரு நிமிஷம் நிக்கறது. சோடாக் கடை முன்னால நிக்கறது. அப்புறம் உங்காத்து வாசல்ல நிக்கறது."

"அது எங்க வீட்டுக்கு ராஜா குடுத்த..."

அவர் சங்கடமாகக் குடையை மடக்கினார்.

"இருக்கலாம்மா. பல்லக்குத் தூக்கற பெரியவர் ஒருத்தர் வேற மாதிரி சொன்னார். 'அக்கா தங்கச்சியப் பாக்க வர்றா, அதுக்குத்தான் நிக்கிறோம்'னார். தங்கச்சி யாரு, பேர் என்னன்னு அவருக்கும் தெரியலை. கொல்லைப் பக்கம் ஒரு தடவை பார்க்கட்டுமா? பழைய கல் ஏதாவது, துவைக்கற கல், படிக்கல்..."

"கொல்லையில ஒண்ணும் இல்லீங்க. கக்கூஸ்தான் இருக்குது."

அவர் முகம் சட்டென்று வேறு பக்கம் திரும்பியது. "ஓ. பரவால்லைம்மா, பரவால்லை" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

நீலாம்பாள் கதவுக்குப் பின்னால் நின்றாள். உடம்பெல்லாம் கூசியது. எத்தனை வருஷம்! யாருக்கோ போட வந்த மாலைக்கு இவர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அக்காள் வருஷா வருஷம் வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே இருக்கிறவளைப் பற்றி ஒருத்தரும் அவளுக்குச் சொல்லவில்லை. இத்தனை நாளும் தெரியாமல் சொல்லவில்லை. இந்த வருஷம் தெரிந்தே.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் தறிகள் நின்றன. தறி நின்றதும் வீட்டுக்குள் ஒரு வெறுமை வந்து உட்காரும், காது அதற்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த வெறுமைக்குள் கொல்லையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொட்டு. சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு. குழாய்த் தண்ணீர் சொட்டுவதுபோல் கலகலப்பாக இல்லை. எண்ணெய் சொட்டுவதுபோல் கனமாக, உருண்டு. நடுவே மிக மெல்லிய மணியோசை ஒன்று, பூமிக்கு அடியில் யாரோ இடது கையால் ஆட்டுகிற கைமணி மாதிரி.

பஞ்சாட்சரம் கொல்லையிலிருந்து காலைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"படிக்கல்லு கதகதன்னு இருக்குதுடி. பகல்ல நல்ல வெயிலு போலிருக்குது."

பகல் முழுவதும் மூட்டமாக இருந்தது.

"ஏங்க..."

"இன்னா?"

"ஒண்ணும் இல்ல."

அவர் உள்ளே போனதும் மஞ்சள் கரைத்த சொம்போடு கொல்லைக்குப் போனாள். கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தண்ணீரைச் சாய்த்தாள். மஞ்சள் நீர் ஓடி வழியவில்லை. நின்ற இடத்திலேயே இறங்கியது.

"தாயே, தெரியாம..."

தெரியாமலா? இன்னொரு முறை முயன்றாள். "தெரியாம" என்பதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் பொய் சொல்லப் பார்த்தோமே என்று முகம் எரிந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டட வேலையில் இருந்த சிட்டிபாபுவைத் தேடிப் போனாள்.

"அத எடுத்துடுப்பா."

"எடுத்து எங்க வெப்பீங்க?"

"வேகவதியில போட்டுடு."

அவன் கரணையைக் கீழே வைத்தான். "மொதல்ல யாரோ பொதைய விட்டாங்க. அப்புறம் நாம கவுத்தோம். இப்ப ஆத்துல போடணும்ங்கறீங்க. நான் வரலம்மா. ஐயாகிட்ட சொல்லுங்க, இல்ல குருக்களாண்ட சொல்லுங்க. 'இங்க இருக்குது'ன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான் அதுக்கு வேணும்."

"என் பொண்ணு கல்யாணம் முடிஞ்சதும் சொல்லிடறேன்."

"என்கிட்ட எதுக்கும்மா சொல்றீங்க?" என்றான்.

உற்சவத்தன்று மாலை கங்கையம்மாளும் அவள் மகளும் உறவுக்காரர்களும் வில்வண்டி இரண்டில் வந்து இறங்கினார்கள். வந்ததும் மூத்த மகள் கொல்லைக்குப் போனாள். நீலாம்பாள் கூடத்தில் நின்றபடி அவள் காலடிச் சத்தத்தைக் காதாலேயே பின்தொடர்ந்தாள். கல்லின் மேல் ஏறும் சத்தம். தாழ். தண்ணீர். மறுபடி கல்.

"கக்கூஸா அது? கர்ப்பகிரகம் மாதிரி மணக்குது. எனக்கே செருப்ப கழட்டிட்டுப் போலாமான்னு தோணிச்சு!" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கூடம் சிரித்தது. இந்த முறை மரியாதையான சிரிப்பு. தமயந்தியின் முகம் மலர்ந்தது. கங்கையம்மாள் நீலாம்பாளின் கையைப் பிடித்து, "சாமி நின்னு போகட்டும் சம்பந்தி. அது கையோட தட்டு மாத்திக்கலாம்" என்றாள்.

சம்பந்தி. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எல்லாம்.

தெருமுனையில் மேளம் கேட்டது. பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் வெளிச்சம் சுவர்களில் ஏறி இறங்கி வந்தது. நெல் மண்டி முன்னால் மேளம் நின்றது, தொடங்கியது. சோடாக் கடை முன்னால் நின்றது, தொடங்கியது. பஞ்சாட்சரம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் இறங்கித் தலையைத் தாழ்த்தி நின்றார். நீலாம்பாள் தட்டில் அரக்கு நிறச் சேலையோடு பக்கத்தில் நின்றாள். பல்லக்கு வந்தது. அம்மன் முகம் மாலைகளுக்கு நடுவே அசைந்து அசைந்து வந்தது.

பல்லக்கு நிற்கவில்லை.

"நில்லுங்கோ, நில்லுங்கோ" என்றார் குருக்கள்.

"எங்க சாமி நிக்கறது! தோளப் பிடிச்சு இழுக்குதே!"

தூக்குகிறவர்கள் கால்களைப் பின்னுக்கு ஊன்றினார்கள். கால்கள் மண்ணைக் கீறிக்கொண்டு முன்னால் போயின. பஞ்சாட்சரம் தாழ்த்திய தலையை நிமிர்த்தவில்லை. மாலை வரும், துணி வரும் என்று குனிந்தே நின்றிருந்தார். பல்லக்கு அவரைக் கடந்து போய்விட்டது. யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான்.

வீட்டு ஓரத்தில் பல்லக்கு திரும்பியது.

அந்தப் பக்கம் தெரு இல்லை. சந்துதான் இருந்தது.

நீலாம்பாள் தட்டோடு வீட்டுக்குள் ஓடினாள். கூடம். தறிகள். நடை. கொல்லை. பின்சுவர்க் கதவைத் தாழ் போட வேண்டும். அது ஒன்றுதான் மனசில் இருந்தது. ஓடிப்போய்த் தாழை இழுத்துப் போட்டாள். சந்துக்குள் மேளம் நுழைந்துவிட்டது. குறுகிய சுவர்களுக்கு நடுவே அது மேளமாகவே கேட்கவில்லை. கதவிடுக்கு வழியாகப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் கத்தி கத்தியாக உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தாள்.

சிமிட்டி வெடித்திருந்தது.

கல் மல்லாந்து கிடந்தது.

அதே நெற்றி. அதே மூக்கு. மூடிய இமைகள். சேறு இல்லை. எண்ணெய் பூசி மினுமினுத்தது.

மேளம் நின்றது. நாயனம் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் ஊரே மூச்சை அடக்கிக்கொண்டது.

"உள்ள யாரு?" குருக்களின் குரல் நடுங்கியது. "அம்மா இங்கதான் நிக்கறா. நகர மாட்டேங்கறா. இங்க ஏதாவது இருந்தா சொல்லிடுங்கோ. ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ."

"சாமி, அது... அது கக்கூஸ் பக்கம் சாமி" என்றது பஞ்சாட்சரத்தின் குரல். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி அவள் கேட்டதே இல்லை.

நீலாம்பாள் வாயைத் திறந்தாள். இருக்குது என்ற சொல் நாக்குக்கு வந்துவிட்டது.

"இன்னா கூத்து இது? கக்கூஸ் வாசல்லயா சாமி நிக்குது?" என்றது சந்திலிருந்து வாலாஜாபாத்துப் பெண்ணின் குரல். யாரோ சிரித்தார்கள். தமயந்தி, "அம்மா..." என்றாள்.

நீலாம்பாள் வாயை மூடினாள்.

கதவு உள்பக்கமாக வளைந்தது. தாழ்ப்பாள் முனகியது. தட்டிலிருந்த சேலையை உதறி அந்த முகத்தின் மேல் விரித்தாள். போதவில்லை. மூக்கு தெரிந்தது. உதடு தெரிந்தது. பட்டு அதன்மேல் ஒட்டிக்கொண்டு இன்னும் நன்றாகக் காட்டியது.

ஏறி நின்றாள்.

இத்தனை நாளும் மிதிக்காமல் இருந்தவள் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். கொசுவத்தை விரித்துவிட்டுக்கொண்டாள்.

தாழ் தெறித்தது. கதவு திறந்தது. வெளிச்சம். நூறு முகங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மாலைகளுக்கு நடுவே, அக்காளின் முகம். நேராக இவள் காலைப் பார்த்தது.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் நீலாம்பாள். "அம்மனுக்குப் பட்டு விரிச்சேன்."

கங்கையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சந்துன்னும் பாக்காம பட்ட விரிச்சிருக்குறா பாரு. இந்த வீட்டுப் பொண்ணுதான் என் வீட்டுக்கு" என்றாள். தமயந்தி அழுதுகொண்டே சிரித்தாள். குருக்கள் கற்பூரத்தை ஏற்றி, கதவு வழியாக உள்ளே நீட்டிச் சுற்றினார். ஊர் முழுவதும் கைகூப்பியது. நீலாம்பாளும் கைகூப்பினாள். முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டாள்.

காலடியில் கதகதப்பு.

பட்டு மெல்ல உள்ளே இழுபட்டது. மெல்லப் புடைத்தது. மறுபடி உள்ளே. விரலிடுக்கில் ஈரமாக, சூடாக, மூச்சு.

வலது பாதத்துக்குக் கீழே ஓர் இமை அசைந்தது. அவள் அழுத்தி மிதித்தாள்.

அது திறந்துகொண்டே வந்தது.